முதல் ஊசிக்கு முன்: நாள்பட்ட நோய்க்கான விலை உயர்ந்த மருந்துகள் பற்றி மதுரை வட்டாரத்தினருக்கு ஒரு வழிகாட்டி

நாள்பட்ட நோய் ஒன்றுக்கு மாதம் பல ஆயிரம் ரூபாய் பிடிக்கும் மருந்து எழுதித் தரப்பட்டால், பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது நகையை அடகு வைப்பதுதான். முதல் ஊசியும் இரண்டாம் ஊசியும் எப்படியோ போடப்பட்டுவிடுகின்றன. மூன்றாவதற்குப் பணம் புரளாமல் சிகிச்சை நின்றுபோகிறது. அரசு மருத்துவமனையில் கிடைக்குமா, காப்பீட்டு அட்டை செல்லுமா, இதே மருந்தை வேறு நிறுவனம் குறைந்த விலைக்குத் தருகிறதா என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த விசாரணையை முதல் ஊசிக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவது. முடக்குவாதம் (ஊரில் சரவாங்கி என்பார்கள்), லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்), குடல் அழற்சி நோய், தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்), நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்காக மதுரைக்கு வந்து போகும் குடும்பங்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

உயிருக்கு ஆபத்து, இன்றே மருந்தைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் இன்றே தொடங்குங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நாள்பட்ட நோய்கள் பலவற்றில், மருந்து எழுதப்படும் நாளுக்கும் முதல் தவணைக்கும் இடையே சில நாட்களாவது கிடைக்கும். நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுப்படுத்தும் ஊசிகளைத் தொடங்குமுன் காசநோயும் மஞ்சள் காமாலை பி வகைத் தொற்றும் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்வது வழக்கம். அந்த முடிவுகள் வருவதற்குள் கீழே சொல்லும் வேலைகளில் பாதியை முடித்துவிட முடியும்.

அவசரப்பட்டுத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவதில் பண இழப்பைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. முடக்குவாதம், குடல் அழற்சி நோய் போன்றவற்றுக்குத் தரும் அடாலிமுமாப், இன்ஃப்லிக்ஸிமாப் போன்றவை உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்படும் புரத மருந்துகள். விட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளும்போது அந்த மருந்தையே எதிர்க்கும் பொருள்களை உடல் உண்டாக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. பின்னர் பணம் சேர்த்து மீண்டும் தொடங்கினாலும் மருந்து வேலை செய்யாமல் போகலாம். சிலருக்கு ஒவ்வாமையும் வரலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தின் வணிகப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. அதன் மூலப்பெயர் (உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர்) என்ன, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதுமா அல்லது குறிப்பிட்ட காலம் வரையா, பலன் தெரிகிறதா இல்லையா என்று எப்போது முடிவு செய்வீர்கள் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூலப்பெயரைத் தெளிவான எழுத்தில் சீட்டில் எழுதித் தருமாறு கேட்பதற்குத் தயங்க வேண்டாம். இனி நீங்கள் போகும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெயரைத்தான் கேட்பார்கள்.

அதைவிட முக்கியமானது, பண நிலைமையை வாய்விட்டுச் சொல்வது. டாக்டரிடம் போய்க் காசு இல்லை என்று சொல்வதா என்று நம்மில் பலர் கூசுகிறோம். தலையாட்டிவிட்டு வெளியே வந்து விழிக்கிறோம். "டாக்டர், மாசாமாசம் இவ்வளவு எங்களால போட முடியாது. எங்க வருமானத்துக்குள்ள அடங்குற மாதிரி வேற மருந்து இருக்குங்களா, இல்ல பெரியாஸ்பத்திரியில இது கிடைக்குங்களா?" என்று நேராகக் கேளுங்கள். நோயாளியால் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பது தெரிந்தால்தான் மருத்துவரால் அதற்கேற்பத் திட்டமிட முடியும். முடக்குவாதத்தையே எடுத்துக்கொண்டால், மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசீன், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆகிய மலிவான மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தே பலருக்கு நோயை அடக்க முடிகிறது. அவை போதாதபோது, விலை உயர்ந்த ஊசிக்கு முன்னதாக டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகளும் உள்ளன. அவற்றை இந்திய நிறுவனங்கள் பலவும் தயாரிக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ளப்படுவது. தினமும் விழுங்கி உயிர் ஆபத்து வரை போனவர்கள் உண்டு; ஆகவே எந்தக் கிழமை என்பதை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

விலை எப்படி உருவாகிறது

ஒரு மருந்துக்குக் காப்புரிமை நீடிக்கும்வரை அதை ஒரே நிறுவனமே விற்கும். விலையும் அந்த நிறுவனம் வைத்ததுதான். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரை இதற்குத் தெளிவான சான்று. மூல நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனபோது இந்திய நிறுவனங்களின் மாத்திரை சுமார் 8,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்த மாத்திரைக்குக் காப்புரிமை தர முடியாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் மலிவு மாத்திரையின் விற்பனை நின்றுபோகுமோ என்ற அச்சம் நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில், மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தைச் சுமார் 8,880 ரூபாய்க்குத் தயாரித்து விற்க நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமை உள்ள நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே அரசு தரும் அனுமதி) வழங்கப்பட்டது. அண்மையில், 2025 மார்ச்சில் எம்பாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்தின் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் போட்டியிட்டு அதன் விலையை மிகவும் இறக்கின. ஊசிகளிலும் இதேதான் நடந்திருக்கிறது. சில புற்றுநோய்களுக்கும் முடக்குவாதத்துக்கும் தரும் ரிடுக்ஸிமாப் மருந்துக்கு இணையான இந்தியத் தயாரிப்பு 2007-லும், அடாலிமுமாபுக்கு இணையானது 2014 இறுதியிலும் சந்தைக்கு வந்தன. ஆகவே, "இதே மூலப்பெயரில் இந்தியத் தயாரிப்பு இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியால் மட்டுமே உங்கள் செலவு பாதிக்கும் கீழே இறங்கக்கூடும்.

அடுத்து, அட்டையில் அச்சிட்டிருக்கும் விலையைப் பற்றி. அது அதிகபட்ச சில்லறை விலை; அதற்குமேல் வாங்கக்கூடாது என்ற எல்லை மட்டுமே. அதே மருந்து விநியோகஸ்தரிடமிருந்து கடைக்கு வரும் விலை அதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். குறிப்பாகப் புற்றுநோய் மருந்துகளிலும் ஊசிகளிலும் இந்த இடைவெளி பெரிது. 2019-இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தலையிட்டு, 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்படுத்தியது இதனால்தான். என் அக்காவுக்கு முடக்குவாத ஊசி தொடங்கிய காலத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் உள்மருந்தகத்தில் அச்சிட்ட முழு விலைக்கே பில் போட்டார்கள். அதே நிறுவனத்தின் அதே ஊசியை வெளியே ஒரு மொத்த விற்பனைக் கடையில் சீட்டைக் காட்டிக் கேட்டபோது, முறையான பில்லோடு கணிசமாகக் குறைத்தே கொடுத்தார்கள். வெளியே வாங்கிவரும் மருந்தை ஏற்பீர்களா என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுவிட்டு, கடைகளில் விலையை விசாரியுங்கள்.

தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அரசு உச்ச விலை நிர்ணயிக்கிறது. 2022-ஆம் ஆண்டுப் பட்டியலில் 384 மருந்துகள் இருந்தன. பட்டியலில் இல்லாதவற்றின் விலையை நிறுவனங்கள் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ளலாம். ஆகவே நீண்ட காலச் செலவைக் கணக்கிடும்போது இன்றைய விலையைப் பன்னிரண்டால் பெருக்கினால் மட்டும் போதாது. 'பார்மா சஹி தாம்' என்ற அரசுச் செயலியில் மருந்துகளின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, புற்றுநோய்க்கும் அரிய நோய்களுக்குமான சில மருந்துகளுக்கு முற்றிலும் நீக்கப்பட்டது. பழைய அட்டையைப் பழைய விலைக்கே விற்றால் இதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

மலிவானதைத் தேடும்போது ஒரு கட்டுப்பாட்டை மறக்கக் கூடாது. சாதாரண மாத்திரைகளில் மூலப்பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் நிறுவனம் மாறுவதால் பெரும்பாலும் பாதகம் இல்லை. ஆனால் சிறுநீரக மாற்று செய்தவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், வலிப்பு மாத்திரைகள், ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின், புரத ஊசிகள் ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். முதல் மூன்றிலும் ரத்தத்தில் மருந்தின் அளவு சற்று விலகினாலும் விளைவு கடுமையாக இருக்கலாம்.

பெரியாஸ்பத்திரி

கோரிப்பாளையத்தை ஒட்டிப் பனகல் சாலையில் இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனையைத்தான் மதுரையைச் சுற்றியுள்ளவர்கள் பெரியாஸ்பத்திரி என்கிறார்கள். சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தேனி, திண்டுக்கல் வரை உள்ளவர்களுக்கு இதுவே பெரிய அரசு மருத்துவமனை. தனியாரிடம் காட்டுபவர்கள் பலர் எல்லாக் காசும் கரைந்த பிறகே இங்கே வருகிறார்கள். அது வேண்டாத தாமதம். இங்கே உள்ள சிறப்புத் துறைகளில் உங்கள் நோய்க்குரிய புறநோயாளிகள் பிரிவு எந்தெந்தக் கிழமைகளில் நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் சிறப்புப் பிரிவுகள் எல்லா நாளும் இயங்குவதில்லை. இராமேசுவரம் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பஸ் ஏறி வந்து, இன்றைக்கு அந்த ஓ.பி. இல்லை என்று திரும்பிப் போவதைப்போல் மனம் சோரவைப்பது வேறில்லை.

வரும்போது பழைய பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது எடுக்கும் மருந்தின் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கி எடுத்து வாருங்கள். ஓ.பி. சீட்டு போட்டுத் துறையைப் பார்த்தபின், அந்த மருந்து மருத்துவமனையில் இருப்பு உள்ளதா என்று கேளுங்கள். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை அனுப்புகிறது. நோயாளிக்கு அவை இலவசம். இருப்பு இல்லை என்றால் அதோடு திரும்பிவிடாதீர்கள். மாற்று மருந்து உண்டா, துறைத் தலைவர் பரிந்துரைத்தால் மருத்துவமனை வாங்கித் தர வழி உண்டா, எப்போது வரும் என்று பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்.

சில நோய்களுக்குத் தனித் திட்டங்களே இருக்கின்றன. எச்.ஐ.வி.க்கும் காசநோய்க்கும் அரசு இலவச மருந்து தருகிறது. மஞ்சள் காமாலை பி, சி வகைகளுக்கு 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் மருந்து இலவசம். இதை அறியாமல் வெளியே வாங்கிக்கொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். ஹீமோபிலியா நோயாளிகளுக்கு ரத்த உறைவுக் காரணியை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வழங்குகின்றன. புற்றுநோய்க்குப் பாலரெங்காபுரத்தில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். விலை உயர்ந்த மருந்து ஒன்றை வெளியே வாங்க நேர்ந்தாலும், கூடவே எடுக்கும் சாதாரண மாத்திரைகளையாவது இப்படி இலவசமாக வாங்கிக்கொண்டால் அந்தத் தொகை மிஞ்சும்.

காப்பீட்டு அட்டையும் அதன் எல்லையும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம்; 2022-க்கு முன் இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது. அப்போது தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

ஆனால் 5 லட்சம் என்ற தொகையைப் பார்த்து மாத மருந்துச் செலவு தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இத்திட்டம் வரையறுத்த சிகிச்சைகளுக்கும் அறுவைகளுக்குமானது. புறநோயாளியாகக் கடையில் வாங்கும் மாத்திரைக்குப் பணம் தருவதற்கு அன்று. கீமோதெரபி, டயாலிசிஸ் போன்றவை இதில் அடங்கும். மற்ற ஊசிகளைப் பொறுத்தவரை, மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய மருந்தா, அது பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டுப் பிரிவில் தொடங்குமுன் கேட்டு, முன் அனுமதி வாங்குங்கள். ஒரே நோய்க்கு ஏற்றும் மருந்தும் வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசியும் இருந்தால், எதற்குக் காப்பீடு செல்லும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லி முடிவெடுக்கலாம்.

ஆலையிலோ கடையிலோ நிறுவனத்திலோ மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரானால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உங்களுக்குப் பொருந்தும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். தத்தனேரியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. பலர் இதைக் காய்ச்சல் தலைவலிக்குரிய இடமாக மட்டுமே எண்ணுகிறார்கள். உண்மையில் நீண்ட கால நோய்க்கு இதைவிட உறுதியான பாதுகாப்பு தொழிலாளிக்கு வேறு இல்லை என்பது என் கருத்து. புறநோயாளி மருந்தையும் இது தருகிறது, குடும்பத்தினருக்கும் பொருந்துகிறது. குறிப்பிட்ட 34 நீண்ட கால நோய்களுக்கு, வேலைக்குப் போக முடியாத காலத்தில் சம்பளத்தில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டுகள் வரை தருவதற்கும் இதில் இடம் உண்டு.

தனியார் காப்பீடு எடுத்தவர்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசியாகச் செலுத்தப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சையும் (மேலே பெயர் சொன்ன புரத ஊசிகள் இந்த வகையே) வாய்வழிக் கீமோதெரபியும் நவீன சிகிச்சைகள் என்ற தலைப்பில் பாலிசியில் இருக்கும். அவற்றுக்கு உள்வரம்பு (மொத்தக் காப்பீட்டுத் தொகைக்குள் அந்தச் சிகிச்சைக்கு மட்டும் வைத்த உச்சத் தொகை) எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். நோயை மறைத்துப் பாலிசி எடுக்காதீர்கள், தேவைப்படும் நாளில் அதுவே மறுப்புக்குக் காரணமாகும்.

வெளியே வாங்க வேண்டியிருந்தால்

மக்கள் மருந்தகம் என்னும் ஜன் ஔஷதி கடைகளிலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுவதும் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உயர்விலை ஊசிகள் எல்லாம் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது; ஆனால் துணை மாத்திரைகளில் பெருந்தொகை மிஞ்சும். அடுத்தது நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டம். இத்தனை வாங்கினால் இத்தனை இலவசம் என்ற வகையில் பல விலை உயர்ந்த மருந்துகளுக்கு இது இருக்கிறது. கடைக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது. மருத்துவர் கையொப்பமிட்ட படிவத்தின் வழியாகத்தான் பதிய முடியும். எத்தனை தவணை வரை, எந்தத் தேதி வரை, இடையில் நிறுத்தப்பட்டால் என்ன விலை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் வாங்காதீர்கள். விலை உயர்ந்த மருந்துகளில்தான் போலிக்கும் லாபம் அதிகம்.

ஊசி மருந்தை ஊருக்கு எடுத்துப்போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே ஒரு கவனக்குறைவில் முழு மாதப் பணமும் போய்விடும். புரத ஊசிகள் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் இருக்க வேண்டியவை. சித்திரை, வைகாசி வெயிலில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டிக்கோ தேனிக்கோ போகும் நேரத்தில் பை கொதித்துவிடும். அக்காவுக்கு வாங்கும்போது நாங்கள் செய்வது இதுதான்: சிறிய தெர்மாகோல் பெட்டியில் உறையவைத்த ஜெல் பொட்டலங்களை அடியிலும் பக்கங்களிலும் வைத்து, ஊசி அட்டைப் பெட்டியை இரண்டு மூன்று மடிப்பு செய்தித்தாளில் சுற்றி நடுவே வைக்கிறோம். பொட்டலம் நேராகப் படக்கூடாது. உறைந்துபோன ஊசியும் கெட்டுப்போன ஊசிதான். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், என்ஜின் மேலோ ஜன்னல் வெயிலிலோ வைக்கக் கூடாது. வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், கதவிலோ உறைபெட்டிக்கு அருகிலோ வேண்டாம். மின்தடை நீண்டால் கதவைத் திறக்காமல் விடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் மருந்தைக் கடையிலேயே விட்டுவைத்து, ஊசி போடும் நாளில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம்.

மற்ற உதவிகள்

ஹீமோபிலியா, தலசீமியா (பரம்பரை ரத்தசோகை நோய்), பார்க்கின்சன் (நடுக்குவாதம்), தண்டுவட மரப்பு நோய் ஆகியவை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தகுதி இருந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தண்டுவட மரப்பு நோய், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களில் தகுதியுடையோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு தருகிறது. பெருந்தொகை தேவைப்படும்போது முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும், நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையோடு பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுச் சான்று இல்லாமல் இவை நகராது. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரி கட்டுபவர்கள் பழைய முறையில் புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோபிலியா, தலசீமியா போன்றவற்றின் செலவுக்கு 40,000 ரூபாய் வரையும், நோயாளி மூத்த குடிமகனானால் 1 லட்சம் வரையும் கழிவு கோரலாம். முடக்குவாதம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு மாதம் பணம் தட்டினால்

எல்லா ஏற்பாட்டுக்குப் பிறகும் ஏதோ ஒரு மாதம் கை வறண்டுபோகும். அந்த மாதம் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதோ, பதினைந்து நாள் ஊசியை ஒரு மாதமாக நீட்டுவதோ, மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போவதோ கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருந்து தீர்வதற்கு இரண்டு வாரம் முன்பே, கையில் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு துறைக்குப் போங்கள். இடைவெளியை நீட்டலாமா, சில வாரங்களுக்கு வேறு மாத்திரையால் சமாளிக்கலாமா, மருத்துவமனை இருப்பிலிருந்து ஒரு தவணை தர முடியுமா என்பதை அவர்கள் அப்போது பார்த்துச் சொல்ல முடியும். நோய் சீராக இருக்கும் சிலருக்கு மருத்துவர்களே ஊசியின் இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டுவதும் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.